இதயம் துடிக்கும்போதே இறப்பா? ராபி டெண்ட்லரும் யூதச் சட்டத்தின் மருத்துவ வழக்குகளும்

நியூயார்க்கிலிருந்தோ ஜெருசலேமிலிருந்தோ இப்படி ஒரு செய்தி அவ்வப்போது வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு மூளைச்சாவு என்று மருத்துவர்கள் அறிவிக்கிறார்கள். குடும்பமோ, "எங்கள் மதச் சட்டப்படி இவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், வென்டிலேட்டரை நிறுத்தக்கூடாது" என்று நீதிமன்றத்துக்குப் போகிறது. இன்னொரு பக்கம், அதே மதச் சட்டத்தைக் காட்டி வேறொரு குடும்பம் மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தையும் கல்லீரலையும் தானம் செய்கிறது. இரண்டுமே ஓய்வுநாளில் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாத ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்கள். இரண்டு வீட்டிலும் ஒரு ராபியின் தீர்ப்பு கையில் இருக்கிறது.

அப்படியானால் யூதச் சட்டம் என்னதான் சொல்கிறது? இரண்டையும் சொல்கிறது. எப்படி என்று புரிய, ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்வதே சுலபமான வழி. ராபி மோஷே டேவிட் டெண்ட்லர், 1926இல் நியூயார்க்கில் பிறந்து 2021 செப்டம்பரில் 95 வயதில் இறந்தவர். ஒரே மனிதர் தல்மூதும் கற்பித்தார், உயிரியலும் கற்பித்தார். மருத்துவமனையில் எழுந்த கேள்விகளை யூதச் சட்டத்தின் மொழிக்கும், சட்டத்தின் கேள்விகளை மருத்துவத்தின் மொழிக்கும் மாற்றிக் கொடுப்பதே அவருடைய வேலையாக இருந்தது. இந்த வேலையில் அவருக்குக் கிடைத்த அதிகாரமும் பெரிது, வாங்கிய திட்டும் பெரிது.

முதலில் சில சொற்கள்

ஹலாகா என்றால் யூதச் சட்டம். என்ன சாப்பிடலாம் என்பது முதல் யாரைப் புதைக்கலாம் என்பது வரை எல்லாம் அதில் அடங்கும். அதன் அடித்தளம் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள். அதற்கு மேல் சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா. மிஷ்னாவின் மேல் நூற்றாண்டுக்கணக்காக நடந்த வாதங்களின் பதிவுதான் தல்மூத்.

ராபியைப் பூசாரி என்று நினைத்துக்கொண்டால் எதுவுமே புரியாது. அவர் சட்டம் படித்தவர். அவர்களில் புதிய வழக்குகளுக்குத் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்றவரைப் போசேக் என்பார்கள். ஊர் ஊராக வரும் கேள்விகளுக்கு அவர் எழுதும் பதில் கடிதங்கள் திரட்டப்பட்டு நூலாகும், அடுத்த தலைமுறைக்கு முன்மாதிரித் தீர்ப்பாகவும் ஆகும். கத்தோலிக்கர்களுக்குப் போப்பாண்டவர் இருப்பதுபோல இங்கே எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே தலைமைப் பீடம் கிடையாது. ஒரு போசேக்கின் சொல் செல்லுபடியாவது, மற்றவர்கள் அவரை மதிக்கும் அளவுக்குத்தான்.

கடைசியாக, மொத்தச் சிக்கலுக்கும் காரணமான ஒரு சொல்: பிக்குவாக் நெஃபெஷ், உயிர் காத்தல். ஓர் உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம், தடைசெய்த உணவை உண்ணலாம். மீறலாம் என்ன, மீறியே ஆகவேண்டும். லேவியராகமம் 18:5 கட்டளைகளின்படி "பிழைப்பான்" என்றுதான் சொல்கிறது, சாவான் என்று சொல்லவில்லை என்பது தல்மூதின் வாதம். இதற்கு மூன்றே விலக்குகள்: சிலை வழிபாடு, தடைசெய்யப்பட்ட பாலுறவு, கொலை. உயிரே போனாலும் இந்த மூன்றையும் செய்யக்கூடாது.

இப்போது உறுப்பு தானத்தை இதில் பொருத்திப் பாருங்கள். மூளைச்சாவு இறப்புதான் என்றால், அந்த உடலிலிருந்து இதயத்தை எடுத்து இன்னொருவரைப் பிழைக்க வைப்பது கடமை. அது இறப்பல்ல என்றால், அதே அறுவை சிகிச்சை கொலை. எத்தனை உயிரைக் காப்பாற்றினாலும் கூடாது. கடமைக்கும் கொலைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. "கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்" என்று சமாளிக்க முடியாத கேள்வி இது.

இரண்டு மேசை வைத்திருந்தவர்

டெண்ட்லரின் தந்தையும் ராபிதான். மகன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1947இல் இளங்கலை முடித்தார். 1949இல் யெஷிவா பல்கலைக்கழகத்தின் ராபிப் பள்ளியில் பட்டம் பெற்றார். 1957இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆனார். பிறகு பல பத்தாண்டுகள் யெஷிவா பல்கலைக்கழகத்திலேயே தல்மூத் ஆசிரியராகவும் உயிரியல் பேராசிரியராகவும் இருந்தார். யூத மருத்துவ அறவியலுக்கான பேராசிரியர் பதவியும் அங்கே அவருக்கு இருந்தது. நியூயார்க்கின் வடக்கே மான்ஸி என்ற ஊரில் ஒரு தொழுகைக்கூடத்தின் ராபியாகவும் இருந்தார்.

இவ்வளவும் இருந்தும், அவர் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்ததற்கு அவருடைய கல்யாணமும் ஒரு காரணம். அவர் மணந்தது ராபி மோஷே ஃபைன்ஸ்டீனின் மகளை. 1895இல் இன்றைய பெலாரஸ் பகுதியில் பிறந்து 1937இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் குடியேறியவர் ஃபைன்ஸ்டீன். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் யூதர்களுக்கு அவருக்கு மேல் ஒரு போசேக் இல்லை. அவருடைய பதில்கள் இக்ரோத் மோஷே என்ற பெயரில் பல தொகுதிகளாக வந்திருக்கின்றன. மாமனார் சட்டக்கடல், மருமகன் உயிரியல் முனைவர். மருத்துவக் கேள்வி வந்தால் மாமனார் விவரம் கேட்டது மருமகனிடம்தான். பின்னாளில் வெடித்த சண்டைக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

ஓர் அறுவை சிகிச்சையும் ஒரு கிழவரும்: 1977

டெண்ட்லரும் அவர் மாமனாரும் எப்படி யோசித்தார்கள் என்பதை ஒரே வழக்கில் பார்த்துவிடலாம்.

1977 செப்டம்பரில் நியூஜெர்சியின் லேக்வுட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் மார்பு ஒட்டிய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தலைமை அறுவை மருத்துவர் சி. எவரெட் கூப், பின்னாளில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனவர், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த கிறிஸ்தவர். சோதித்துப் பார்த்ததில், இரண்டு குழந்தைகளின் இதயங்களும் ஒன்றாக ஒட்டியிருந்தன. நான்கு அறைகள் கொண்ட, ஏறக்குறைய முழுமையான இதயம் ஒருத்தி பக்கம். அதோடு ஒட்டிய வளர்ச்சியற்ற இரண்டு அறைகள் இன்னொருத்தி பக்கம். அப்படியே விட்டால் இருவரும் சாவார்கள். பிரித்தால் ஒருத்தி மேசையிலேயே இறப்பாள், மற்றவள் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு.

ஒருத்தியை அறிந்தே சாகவிட்டு மற்றவளைக் காப்பாற்றலாமா? பெற்றோர் ஃபைன்ஸ்டீனின் பதில் வராமல் சம்மதிக்க மாட்டோம் என்றார்கள். மருத்துவக் குழு நாள்கணக்கில் காத்திருந்தது. குழுவுக்குள் பொறுமை குறைந்தபோது கூப் சொன்னதை டெண்ட்லர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தக் கேள்வி எனக்கும் பெரிது, உங்களுக்கும் பெரிது, அதனால்தான் நியூயார்க்கில் ஒரு கிழவரிடம் கேட்டிருக்கிறோம், அவர் சொன்னால் எனக்கும் தெரிந்துவிடும் என்ற பொருளில் பேசினாராம்.

அந்தக் கிழவர் வசனத்தைத் தேடுவதற்கு முன் விவரத்தைத் தேடினார். கேள்விகள் டெண்ட்லர் வழியாகப் போய் பதில்கள் திரும்பி வந்தன. யோசனை போன வழி ஏறக்குறைய இது:

1. இது இரண்டு உயிரா, அதிகப்படி உறுப்புகளோடு பிறந்த ஓர் உயிரா? இரண்டு மூளை, தனித்தனி நரம்பு மண்டலம். ஆகவே இரண்டு உயிர்.

2. பிரிக்காமல் விட்டால் இருவரில் யாராவது பிழைப்பார்களா? மாட்டார்கள்.

3. அந்த இதயத்தை மாற்றி, பலவீனமான குழந்தைக்குக் கொடுத்து அவளைப் பிழைக்க வைக்க முடியுமா? முடியாது. எப்படி வெட்டினாலும் அவளுக்கு வழியில்லை.

மூன்றாவது கேள்விதான் தீர்ப்பின் முதுகெலும்பு. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மருத்துவர் கையில் இருந்தால், யார் ரத்தம் அதிகச் சிவப்பு என்று அவர் முடிவு செய்ததாகிவிடும். அதைத் தல்மூத் வெளிப்படையாகவே தடுக்கிறது. தேர்வே இல்லை, ஒருத்தியின் முடிவு உடலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது என்று உறுதியான பிறகுதான் அடுத்த படி.

4. ரோதேஃப் என்றால் துரத்துபவன். ஒருவனைக் கொல்ல இன்னொருவன் துரத்தினால், வேறு வழியில்லாதபோது துரத்துபவனைக் கொன்று மற்றவனைக் காக்கலாம். பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருவை அழித்துத் தாயைக் காக்கச் சொல்லும் மிஷ்னாவுக்கு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரும் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் கொடுத்த விளக்கமும் இதுதான். துரத்துபவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டியதில்லை. இந்த வழக்கில் தனக்கென வாழ வழியில்லாத குழந்தை, மற்றவளின் இதயத்தைப் பகிர்வதாலேயே அவளையும் சாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஆலோசனையில் பேசப்பட்டதாக ஓர் உவமை பிரபலம். எரியும் விமானத்திலிருந்து இருவர் குதிக்கிறார்கள். ஒருவனின் பாராசூட் விரியவில்லை, அவன் மற்றவனின் காலைப் பிடித்துக்கொள்கிறான். ஒரு பாராசூட் இருவரைத் தாங்காது. மேலே இருப்பவன் உதறலாமா? உதறலாம், கீழே இருப்பவன் பாராசூட் விரியாதபோதே சாவுக்குக் குறிக்கப்பட்டவன்.

அனுமதி வந்தது. நீதிமன்றமும் ஒப்புதல் தந்தது. 1977 அக்டோபர் 11 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்த குழந்தையும் அதிக நாள் வாழவில்லை.

இந்தத் தீர்ப்பு எல்லா ராபிகளுக்கும் உறுத்தலில்லாமல் இறங்கியதா என்றால் இல்லை. ஏனென்றால் அதே மிஷ்னா அடுத்த வரியிலேயே, குழந்தையின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் தொடக்கூடாது, ஓர் உயிருக்காக இன்னோர் உயிரை ஒதுக்க முடியாது என்கிறது. பிறந்துவிட்ட குழந்தையைத் துரத்துபவள் என்று சொல்வது அந்த வரியோடு எப்படிப் பொருந்தும் என்ற வாதம் இன்றும் நடக்கிறது. என் பார்வையில் மூன்றாவது கேள்விக்கான பதில்தான் இந்தத் தீர்ப்பைத் தாங்குகிறது. அந்த மருத்துவ விவரம் மட்டும் வேறாக இருந்திருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும்.

இடிந்த சுவரும் பல்லி வாலும்

இப்போது இறப்புக்கு வருவோம். தல்மூத் காலத்தில் ஸ்டெதாஸ்கோப்கூடக் கிடையாது. அப்புறம் மூளைச்சாவைப் பற்றி அதில் என்ன இருக்கும்? நேரடியாக எதுவும் இல்லை. எல்லா வாதமும் ஓரிரு பழைய காட்சிகளிலிருந்து கட்டப்படுகிறது.

முதல் காட்சி யோமா என்ற பகுதியில், 85ஆம் ஏட்டில் வருகிறது. ஓய்வுநாளில் ஒருவர் மேல் சுவர் இடிந்து விழுகிறது. உயிர் இருக்கலாம் என்பதால் ஓய்வுநாளை மீறித் தோண்டுகிறார்கள். எதுவரை தோண்டிப் பார்ப்பது? மூக்கு வரை என்கிறது ஒரு கருத்து. மூச்சு இல்லையென்றால் நிறுத்திவிடலாம். நெஞ்சு வரை பார்க்க வேண்டும் என்கிறது இன்னொன்று. "நாசியிலே ஜீவசுவாசமுள்ளவை" என்ற ஆதியாகம வசனத்தைக் காட்டி, மூக்கே போதும் என்று சட்டம் முடிவானது.

இரண்டாவது காட்சி மிஷ்னாவில், ஓஹலோத் பகுதியில். தலை துண்டிக்கப்பட்டவர் இறந்தவர், உடல் துடித்தாலும் சரி. அது பல்லியின் அறுந்த வால் துடிப்பதைப் போன்றது. சுவரிலிருந்து விழுந்த பல்லி வால் தரையில் தனியாக நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை. அசைவு இருக்கிறது, உயிர் இல்லை.

டெண்ட்லரின் வாதம் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது:

1. சட்டம் மூச்சைத்தான் அளவுகோலாக வைத்தது. மூச்சை நடத்துவது மூளைத்தண்டு.

2. மூளைத்தண்டு உட்பட முழு மூளையும் அழிந்தால் சுயமூச்சு இனி ஒருபோதும் திரும்பாது. நெஞ்சு ஏறி இறங்குவது இயந்திரத்தின் வேலை.

3. மூளைக்கு ரத்தமே போகவில்லை என்றால், கழுத்து அறுபடாமலேயே தலை துண்டானதற்குச் சமம். உடலியல் ரீதியான தலைத்துண்டிப்பு.

4. மிச்சமிருக்கும் இதயத்துடிப்பு பல்லி வால். இதயத்துக்குத் தன்னைத்தானே துடிக்கவைக்கும் மின்தூண்டல் உண்டு. ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது துடிக்கும், மூளை அதற்குத் தேவையில்லை.

மருத்துவமனையில் இது எப்படி உறுதியாகிறது? நோயாளிக்கு முதலில் நிறைய ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். சுமார் எட்டுப் பத்து நிமிடம் மார்பையும் வயிற்றையும் உற்றுப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டில் ஒரு துளி உயிர் இருந்தாலும் அந்த அளவு கரியமில வாயு மூச்சை இழுக்க வைத்துவிடும். பாதரச அளவில் 60 மில்லிமீட்டரைத் தாண்டியும் அசைவு இல்லையென்றால் சுயமூச்சு இல்லை என்று பொருள். இடிபாட்டில் மூக்கருகே பார்த்த அதே சோதனைதான் இது, கொஞ்சம் கூடுதல் கருவிகளோடு.

எதிர்த்தரப்பு கேட்பது

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. இதே காட்சிகளை அவர்கள் வேறு மாதிரி படித்தார்கள். ராஷி என்ற பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர், நெஞ்சில் துடிப்பு தெரியாதபோதும் மூக்கில் மூச்சு தெரியலாம் என்று விளக்குகிறார். அப்படியானால் மூச்சு என்பது உயிரின் அடையாளம் மட்டும், உயிர் இருக்கும் இடம் இதயம் என்று இவர்கள் முடிவெடுத்தார்கள்.

இதற்கு அவர்கள் காட்டும் முன்மாதிரி ஒரு கோழி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு வீட்டில் கோழியை அறுத்துப் பார்த்தால் உள்ளே இதயத்தைக் காணோம். உறுப்புக் குறையுள்ள கோழியைச் சாப்பிடலாமா என்ற கேள்வி ஹக்காம் ட்ஸ்வி என்ற பெயரால் அறியப்படும் ராபியிடம் போனது. இதயம் இல்லாமல் எந்த உயிரும் ஒரு கணம்கூட வாழாது, இந்தக் கோழி ஓடியாடித் திரிந்தது, ஆகவே இதயம் இருந்தது, பக்கத்தில் காத்திருந்த பூனை கவ்விக்கொண்டு போயிருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று அவர் தீர்ப்பளித்தார். அடுப்படியில் தொடங்கிய அந்த விவகாரம் முந்நூறு ஆண்டு கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மேற்கோளாகிறது. ஹலாகா வேலை செய்யும் விதமே இப்படித்தான்.

அறிவியல் தரப்பிலும் ஒரு கேள்வி உண்டு. மூளைச்சாவு என்று அறிவித்த பிறகும் சில உடல்களில் மூளையின் ஹார்மோன் சுரப்பு கொஞ்சம் தொடர்கிறது. மூளைச்சாவு அடைந்த கர்ப்பிணியின் உடலில் கரு வாரக்கணக்கில் வளர்ந்து பிறந்த சம்பவங்களும் உண்டு. ஜெருசலேமின் பெரிய போசேக்கான ராபி ஷ்லோமோ ஸல்மான் அவுர்பாக் இதைத்தான் பிடித்துக்கொண்டார். தாய் இறந்தால் வயிற்றுக் குழந்தை அவளுக்கு முன்பே இறந்துவிடும் என்பது தல்மூதில் உள்ள கூற்று. குழந்தை வளர்கிறதென்றால் தாய் எப்படி இறந்தவள் ஆவாள்?

பதிலுக்கு இரண்டு இஸ்ரேலிய மருத்துவர்கள், அவ்ரஹாம் ஸ்டைன்பெர்க்கும் எம். ஹெர்ஷும், 1992இல் ஒரு சோதனை செய்தார்கள். சினையான ஓர் ஆட்டின் தலையை முழுதாகத் துண்டித்து, ரத்தக்குழாய்களைக் கட்டி, உடலை இயந்திரத்தில் வைத்தார்கள். இதயம் துடித்தது. வயிற்றைக் கீறி உயிருள்ள குட்டியை எடுத்தார்கள். தலையே இல்லாத ஆடு இறந்துவிட்டது என்பதில் எந்த ராபிக்கும் சந்தேகம் வர முடியாது. அவுர்பாக் தன் ஆதாரம் உடைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் மூளைச்சாவை முழுமையாக ஏற்கவில்லை, சந்தேகத்துக்குரிய நிலை என்ற இடத்தில் நின்றுகொண்டார். சோதனையைக் கேட்டு ஆதாரத்தைக் கைவிட்டதும், அதற்காக முடிவை மாற்றாததும், இரண்டும் சேர்ந்ததுதான் இந்த மரபு.

மருமகன் படித்த கடிதம்

சரி, பெரிய போசேக்கான ஃபைன்ஸ்டீன் என்ன சொன்னார்? சண்டையே இங்கேதான்.

1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தார். இதயம் பெற்றுக்கொண்ட லூயி வாஷ்கான்ஸ்கி ஒரு யூத வணிகர். 18 நாள் வாழ்ந்தார். அடுத்த ஆண்டு ஃபைன்ஸ்டீன் எழுதியது கடுமையான தீர்ப்பு: இதய மாற்று இரட்டைக் கொலை. கொடுப்பவரையும் கொல்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக்கூடிய, பெறுபவரையும் கொல்கிறார்கள்.

1976இல் அவர் மருமகன் டெண்ட்லருக்கே ஒரு பதில் எழுதினார். சுயமூச்சு நின்றவர் இறந்தவரே, இதயம் சில நாள் துடித்தாலும் சரி என்ற போக்கில் அது போகிறது. ரத்தநாளத்தில் ஒரு பொருளைச் செலுத்தி, மூளைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கும் சோதனையையும் சொல்கிறது. தொடர்பு அறுந்துவிட்டால் தலை துண்டிக்கப்பட்டதற்கு ஒப்பு என்கிறது. டெண்ட்லர் இதை மூளைச்சாவுக்கு நேரடி ஒப்புதல் என்று படித்தார். எதிர்ப்பாளர்கள், இந்தச் சோதனை கூடுதல் எச்சரிக்கைக்காகச் சொன்னது, இறப்புக்குப் புதிய வரையறை அல்ல என்றார்கள். அவர்கள் கையில் ஒரு பலமான சீட்டும் இருந்தது. 1978இல் வேறொருவருக்கு எழுதிய பதிலில் ஃபைன்ஸ்டீன் இதய மாற்று கொலை என்று மறுபடியும் சொல்லியிருந்தார். டெண்ட்லர் தரப்பு இதற்கும் விளக்கம் வைத்திருந்தது: அந்தக் காலத்தில் இதயம் பெற்றவர்கள் பிழைக்கவில்லை, சில மருத்துவமனைகளின் அளவுகோலும் நம்பத்தக்கதாக இல்லை, தடை அதற்காகத்தான்.

1986 மார்ச்சில் ஃபைன்ஸ்டீன் இறந்தார். அதற்குப் பிறகு கேள்வி, அவர் எழுதியதைப் படிக்கும் உரிமை யாருக்கு என்று மாறியது. மாமனாருக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்தவரும் மருமகன், மாமனாரின் மருத்துவத் தீர்ப்புக்குச் சாட்சியும் மருமகன். டெண்ட்லரின் நேர்மையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் விவரம் தருபவருக்குத் தீர்ப்பில் எவ்வளவு பங்கு உண்டு என்பதைப் பிலடெல்பியா வழக்கிலேயே பார்த்தோம். யூதச் சட்டமும் பயோஎதிக்ஸ் எனப்படும் உயிர்மருத்துவ அறவியலும் சந்திக்கும் எந்த இடத்திலும் இந்தச் சிக்கல் வரும். தல்மூத் அறிஞருக்கு மருத்துவர் சொல்வதைத் தாமே சரிபார்க்க வழியில்லை. இரண்டும் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் அவர் கை தானாகவே ஓங்கிவிடும்.

மற்ற சண்டைகள், சுருக்கமாக

ஸ்டெம் செல்: பல வகைத் திசுவாக வளரக்கூடிய இந்தச் செல்களை மருத்துவ ஆய்வுக்காக மனிதக் கருவிலிருந்து எடுக்கலாமா? கரு உண்டானபின் நாற்பது நாள்வரை அது "வெறும் நீர்" என்கிறது தல்மூத். கருப்பைக்கு வெளியே, ஆய்வகக் கிண்ணத்தில் இருக்கும் கருவுக்கு அந்தத் தகுதிகூட இல்லை என்பது டெண்ட்லரின் நிலை. அமெரிக்க அரசின் தேசிய உயிர் அறவியல் ஆலோசனைக் குழுவின் முன் இதைச் சொன்னபோது, கருக்கலைப்புக்கு எதிராகப் பாதுகாப்பு வேலி கட்டுவது நல்லதுதான், ஆனால் கொடிய நோய்க்கான மருந்தையே தடுக்கும் வேலி கட்டக்கூடாது என்று வாதிட்டார். கருக்கலைப்பில் அவர் தாராளவாதி அல்ல என்பதை நினைவில் வையுங்கள். முற்போக்கு, பிற்போக்கு என்று கட்சி பிரித்தால் இந்த மனிதர் எதிலும் அடங்கமாட்டார்.

விருத்தசேதனம்: காயத்திலிருந்து ரத்தத்தை வாயால் உறிஞ்சும் பழைய முறையைச் சில சமூகங்கள் இன்றும் விடவில்லை. 2004இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில், இதன் பின் ஹெர்ப்பஸ் கிருமி தொற்றிய எட்டுப் பச்சிளங்குழந்தைகளைப் பற்றிய கட்டுரை வந்தது. எழுதியவர்களில் டெண்ட்லரும் ஒருவர். உறிஞ்சாமல் விடுவது குழந்தைக்கு ஆபத்து என்பதால்தான் தல்மூத் அதை விதித்தது. இன்றைக்கு ஆபத்து உறிஞ்சுவதில் இருக்கிறது, ஆகவே கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்துங்கள் என்பது அவர் வாதம். இந்தப் பழைய முறையை விடாத, மரபுப் பிடிப்பு மிகுந்த ஹசிடிக் சமூகத்தில் அவருக்கு இதனால் கிடைத்த வசைக்கு அளவில்லை. நியூயார்க் நகரம் 2012இல் பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம் என்றது, 2015இல் அதைக் கைவிட்டது.

வாள்மீனுக்குச் செதில் உண்டா, சாப்பிடலாமா என்ற சண்டையும் உண்டு. வளர்ந்த மீனுக்குச் செதில் இல்லை என்று உயிரியலைக் காட்டி அதைத் தடைப் பட்டியலில் சேர்க்க வைத்ததில் அவர் பங்கு பெரிது. அதுவரை தலைமுறைகளாகச் சாப்பிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அறிவியல் எப்போதும் சட்டத்தைத் தளர்த்தும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

இன்றைய நிலை

அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் ராபிகள் சபை 1991இல் டெண்ட்லரின் வழியில் மூளைச்சாவை ஏற்றது. 2010இல் அதே சபையின் குழு வெளியிட்ட நீண்ட ஆய்வறிக்கை அந்த ஏற்பைக் கேள்விக்குள்ளாக்கியது. பெரும் கூச்சலுக்குப் பிறகு, இதில் எங்களுக்கு அதிகாரப்பூர்வ நிலை எதுவும் இல்லை, அவரவர் ராபியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சபை ஒதுங்கிக்கொண்டது. அந்த விவாதத்தில் எழுந்த கூரான கேள்வி ஒன்று: மூளைச்சாவு இறப்பல்ல என்பவர்கள், அப்படிப்பட்ட உடலிலிருந்து எடுத்த இதயத்தைத் தங்கள் நோயாளிக்குப் பெற்றுக்கொள்ளலாமா? கொடுப்பது கொலை, வாங்குவது மட்டும் சிகிச்சையா?

மாநிலச் சட்டங்களும் இந்தப் பிளவைத் தாங்கிக்கொள்ளும்படி வளைந்திருக்கின்றன. நியூஜெர்சியின் 1991 சட்டப்படி, மத நம்பிக்கைக்கு முரணானால் மூளை அளவுகோலை வைத்து இறப்பை அறிவிக்கக்கூடாது. பக்கத்து நியூயார்க்கில் மருத்துவமனைகள் மத எதிர்ப்புக்கு நியாயமான அளவு இடம் கொடுத்தால் போதும். ஹட்சன் ஆற்றின் ஒரு கரையில் சட்டப்படி பிணமான உடல், மறுகரையில் சட்டப்படி நோயாளி.

இஸ்ரேலில் அரசு சார்ந்த தலைமை ராபிப் பீடம் 1986இலேயே இதய மாற்றுக்காக மூளைச்சாவை ஏற்றது. அவுர்பாக், எல்யாஷிவ் போன்ற போசேக்குகளைப் பின்பற்றிய ஹரேதி எனப்படும் கடும் ஆர்த்தடாக்ஸ் சமூகம் ஏற்கவில்லை. 2008இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று இறப்பை மூளை மற்றும் மூச்சின் இறப்பு என்று பெயரிட்டது. மூச்சைப் பெயரிலேயே சேர்த்தது சும்மா அல்ல, யோமா 85 அங்கே உட்கார்ந்திருக்கிறது. மருத்துவர்கள் நேரில் பார்த்துச் சோதிப்பதோடு நிற்காமல் கருவிச் சோதனையும் கட்டாயம். குடும்பம் எதிர்த்தால் இதயம் தானாக நிற்கும்வரை வென்டிலேட்டர் ஓடும். இன்னொரு சட்டம், தானம் செய்யக் கையெழுத்திட்டவருக்கு உறுப்பு தேவைப்பட்டால் காத்திருப்போர் வரிசையில் முன்னுரிமை தந்தது.

அந்த தானத்துக்காகப் பையில் வைத்துக்கொள்ளும் அட்டையின் பெயர் "அடி" (ADI). அதில் விருப்பம் இருந்தால் குறியிட ஒரு கட்டம் உண்டு: என் இறப்புக்குப் பின், குடும்பம் தேர்ந்தெடுக்கும் மதகுரு ஒருவர் ஒப்புக்கொண்டால் மட்டும் உறுப்புகளை எடுக்கலாம். அந்தக் கட்டத்தில் குறியிட்டவர் இறந்ததும், உறவினர்கள் கையில் தொலைபேசியோடு யாரை அழைப்பது என்று நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு எண்ணை அழைத்தால் கடமை என்ற பதில் வரும், இன்னொரு எண்ணை அழைத்தால் கொலை என்ற பதில் வரும்.